ஒரு துண்டு குறைந்த சட்டை

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். கேட்டால் நானும் உங்களைப் போலத்தான் விழிக்க வேண்டும். முன்னொரு காலம், ஒரு பெரிய நாடு, அதற்கு ஒரு ராஜா. அவ்வளவு தெரிந்தால் போதும். நல்ல ராஜாதான். கோபம் வந்தால் ஒரு நாழிகைக்கு மேல் நிற்காது. ஆனால் மனதில் ஓர் ஆசை முளைத்துவிட்டால், அது நிறைவேறும்வரை தானும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார், மற்றவர்களையும் சாப்பிட விட மாட்டார்.

அவருடைய சபையில் தாண்டவன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவனுடைய உத்தியோகம். தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்வது அவனுடைய ஆசை. அதற்காக அவன் ஒரு முழம் துணிகூட வாங்கியதில்லை. ஊரில் யார் வீட்டில் எது கிழிந்தாலும், "தாண்டவனுக்கு ஆகும்" என்று ஒரு துண்டு எடுத்து வைப்பார்கள். குயவர் தெருவில் ஒரு வேட்டிக் கரை, செக்குத் தெருவில் ஒரு முந்தானை, பூக்காரத் தெருவில் பூச்சாக்கு மூடிய ஒரு மஞ்சள் துணி. இருபது வருஷமாக ஒட்டுக்கு மேல் ஒட்டு. அதில் ஆதியில் இருந்த சட்டை எது, பிறகு வந்த ஒட்டு எது என்று அவனுக்கே தெரியாது. ஆனால் எந்தத் துண்டு யார் வீட்டுத் துண்டு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வான்.

அந்தச் சட்டையைப் பார்த்தாலே ஒருவருக்குப் பொறுக்காது. அவர் கனகசபேசர், அரண்மனை உடைகளுக்கெல்லாம் அதிகாரி. சேனாபதியின் தலைப்பாகையிலிருந்து வாயிற்காவலனின் இடைக்கச்சை வரைக்கும் அவர் சொன்னபடிதான். அரண்மனையில் ஒருமுறை உடுத்தியதை மறுமுறை உடுத்தக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மாலையில் கழற்றியதை மதிலுக்கு வெளியே வீசிவிடுவார்கள். தான் கழற்றியதையோ அவர் எரித்தே விடுவார். வேறொருவன் உடம்பில் அதைப் பார்க்க அவருக்குச் சகிக்காது. இத்தனை பேரை உடுத்திவிட்ட மனிதருக்கு இந்த ஒருவனை மட்டும் உடுத்திவிட முடியவில்லை. அதுவும் அவன் ராஜாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, ராஜா பார்க்கும் இடத்திலெல்லாம் அந்தச் சட்டையோடு தெரிந்தால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

இப்படி இருக்கையில், ஒன்பது வருஷத் தவத்துக்குப் பிறகு அரசிக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். குழந்தை மட்டும் அழுதது. பிறந்த அன்று அழுதது சரி, பத்தாம் நாளும் அழுதது. கனகசபேசர் வேளைக்கு ஒரு ஜரிகைச் சட்டை போடச் சொன்னார். குழந்தை சட்டைக்கு ஒரு சுருதி கூட்டி அழுதது. வைத்தியர் வசம்பு உரைத்துக் கொடுத்தார், மந்திரவாதி வேப்பிலை அடித்தான், ஒன்றும் நடக்கவில்லை.

பதினோராம் நாள் சபையில் ராஜா சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரே ஒரு நெசவாளன் நெய்த ஆடை என் மகனுக்குப் போதவில்லை. நாடே கூடிக் கொடுத்த ஆடை வேண்டும் என்றுதான் அழுகிறான். பதினாறாம் நாள் பெயர் சூட்டும்போது அப்படிப்பட்ட ஆடையைத்தான் அவன் அணிய வேண்டும்" என்றார்.

ராஜாவுக்கு ஆசை முளைத்துவிட்டது. சபையோர் பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தாண்டவன் மட்டும் எழுந்தான். அவனும் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன்.

"பிரபு, பச்சைக் குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் சுற்றுவார்கள். துவைத்துத் துவைத்து மிருதுவான துணி. ஜரிகை உடம்பில் குத்துமே" என்றான்.

"இளவரசருக்குக் கந்தையா?" என்று கனகசபேசர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டுத் தேன் குரலில் பேசினார். "மகாராஜா, தாண்டவர் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். ஊசி பிடித்த கை அவருடையது. நாடே பங்கு கொடுத்த ஆடையை அவரே தைத்துத் தரட்டும். தலைநகரின் பதினெட்டுத் தெருவிலிருந்தும் பங்கு இருக்க வேண்டும். தங்களுடைய பங்கும், சபையோர் பன்னிரண்டு பேருடைய பங்கும் இருக்க வேண்டும். தையற்காரர் யாரும் தொடக்கூடாது. அரண்மனை நூல் கூடாது. ஒரு பங்கு குறைந்தாலும் இந்தச் சபையின் மானத்தை வாங்கும் அந்த ஒட்டுச் சட்டையை முற்றத்தில் வைத்து எரித்துவிட்டு, தாண்டவர் சபையை விட்டுப் போய்விட வேண்டும். சம்மதம்தானே?"

ராஜா தாண்டவனைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. தாண்டவன், "சம்மதம் பிரபு" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு குயவர் தெருவுக்குப் போனான். அவனுக்கு முன்னால் தமுக்கு போயிருந்தது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் இளவரசருக்குப் பழந்துணி கொடுப்பது ராஜ அவமதிப்பு. கொடுப்பவர் யாராயிருந்தாலும் ஆறு கசையடி. உடை அதிகாரி உத்தரவு" என்று தமுக்கு அடித்தவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனான்.

இருபது வருஷமாகத் திறந்தே கிடந்த கதவெல்லாம் சாத்திக்கொண்டன. பானை வனைகிற ராக்காயி மட்டும் கதவிடுக்கில் முகத்தைக் காட்டினாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. கொடுக்க மனசு இருக்கு. பழசு கொடுத்தா அடின்றாங்க. புதுசுன்னு எங்க வீட்டுல பானையைத் தவிர எதுண்ணே இருக்கு?"

"உன்மேல என்னம்மா தப்பு? அந்தப் பானையில ஒண்ணு குடு, தண்ணியாவது குடிச்சுட்டுப் போறேன்" என்று சிரித்துவிட்டுத்தான் நகர்ந்தான். ஆனால் மூன்று நாள் பதினெட்டுத் தெருவும் சுற்றியதில் பையில் விழுந்தது தெருப்புழுதிதான். சபையோரும் கனகசபேசரின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாளை வா, நாளை மறுநாள் வா என்றார்கள்.

பதினான்காம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மனைவி உலகம்மை மோர் கொண்டு வந்து வைத்தாள். அவன் கை மோரிடம் போகவில்லை.

"நாளன்னிக்கி இதை எரிச்சிடுவாங்க, உலகம்மா."

"எரிச்சா எரிக்கட்டும். போட்டுக்கிட்டு நின்னா மாட்டுக்குப் பொங்கல் வச்ச மாதிரி இருக்குன்னு நானே எத்தனை தரம் சொல்லியிருக்கேன்" என்றாள். ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதன் கையை எடுத்து இப்படியும் அப்படியும் தடவிக்கொண்டிருந்தாள்.

அவன் சட்டையிடம் விடைபெறுகிறவன்போல ஒவ்வொரு துண்டாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தான். "இது ராக்காயி மாமியாரோட சேலை. இது செக்குத் தெரு. இது படகுத்துறை, பாய்மரம் கிழிஞ்ச அன்னிக்கி வாங்கினது. இது மந்திரியோட அங்கவஸ்திரம், தேர் ஆணியில மாட்டினது. இது சேனாபதி கொடி. இது பூக்காரத் தெரு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். மறுபடி முதலிலிருந்து விரல்விட்டு எண்ணினான். உலகம்மையும் கூடவே எண்ணினாள். எண்ணி முடித்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஊரு மொத்தமும் உங்க முதுகுலயில்ல இருந்திருக்கு" என்றாள் உலகம்மை. "இதை வச்சுக்கிட்டா மூணு நாளா தெருத்தெருவா சுத்துனீங்க?"

அவன் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்குத் துக்கம்தான் வந்தது. எரிக்கப் போகிறார்கள் என்பது ஒரு துக்கம். தன் கையாலேயே பிரிக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய துக்கம். இருபது வருஷத்துத் தையல் அது.

உலகம்மை உள்ளே போய் ஒரு சின்னக் கத்தியைக் கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள். "எரிஞ்சா சாம்பல். பிரிச்சா ஒரு புள்ள போட்டுக்கும். பிரிங்க."

பிரித்தார்கள். ஒவ்வொரு தையலாகக் கத்தி நுனியால் நெம்பி, நூல் அறுபடாமல் உருவி, அந்த நூலையே ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டார்கள். அரண்மனை நூல்தானே கூடாது? பழைய நூல் இதோ இருக்கிறது. துண்டுகளையெல்லாம் வெந்நீரில் போட்டுத் துவைத்து வேலியில் காயவைத்தார்கள். மறுநாள் காலை வெயிலில் அவற்றை எடுத்து இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கத் தொடங்கும்போது, சாயம் வெளுத்த ஒரு நீலத் துண்டு வந்தது. உலகம்மை அதைப் பிடித்துக்கொண்டாள். அது அவர்கள் மகள் கிடந்த தூளித் துணி.

"இதையுமா?"

"எல்லாத்தையும் விட இதுதான் மெத்துன்னு இருக்கு. நெஞ்சுல படற எடத்துல இதை வைக்கணும்."

கொஞ்ச நேரம் அதைக் கன்னத்தில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். "உங்க பங்குன்னு எதை வைப்பீங்க?"

"நூலு என்னோடதுதானே" என்றான் தாண்டவன்.

மாலைக்குள் சட்டை உருவாகிவிட்டது. ஓரங்களையெல்லாம் வெளிப்பக்கமாக மடித்துத் தைத்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அசிங்கம், குழந்தை உடம்புக்குச் சுகம். பதினெட்டுத் தெருவும் வந்துவிட்டது. சபையோரில் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். கனகசபேசரின் துண்டு மட்டும் இல்லை. எரித்த துணியில் துண்டு ஏது? அடியோரத்தில், பின்பக்கமாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடத்தை அப்படியே விட்டுச் சுற்றிலும் மடித்துத் தைத்தான். பதினாறாம் நாள் சூரியன் ஏறும் வேளையில் கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தான். உலகம்மை சட்டையின் மூலையில் மஞ்சள் தடவினாள்.

அரண்மனை முழுக்கத் தோரணம். நடு மண்டபத்தில் தங்கத் தொட்டில். தொட்டிலுக்குள் ஜரிகைப் பொட்டலமாகக் கிடந்து இளவரசர் வீறிட்டுக்கொண்டிருந்தார். புரோகிதர் மந்திரம் சொல்வதாக வாயசைத்தார். அவர் சொல்வது அவருக்கே கேட்கவில்லை. தாண்டவன் வெறும் வேட்டியும் தோளில் துண்டுமாக உள்ளே வந்ததைப் பார்த்து ராஜா திடுக்கிட்டார். அந்தச் சட்டை இல்லாமல் அவனை அவர் பார்த்ததே இல்லை.

"உன் சட்டை எங்கே, தாண்டவா?"

"அதைத்தான் கொண்டு வந்திருக்கிறேன், பிரபு" என்று ஒரு வெற்றிலைத் தட்டை நீட்டினான். தட்டில் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுக்கு ஒரு சட்டை இருந்தது.

கனகசபேசர் குறுக்கே வந்தார். அன்றைக்கென்று அவர் போர்த்தியிருந்த பட்டு, எட்டு மாதம் தறியில் கிடந்து முந்தின நாள்தான் இறங்கியது. "பொறுங்கள். இது பழந்துணி. கொடுத்தவர்களுக்கு ஆறு கசையடி என்று உத்தரவு இருக்கிறது."

"அதிகாரியின் உத்தரவுக்கு ஊர் கட்டுப்பட்டது. தமுக்கு அடித்த பிறகு ஒருவரும் ஒரு நூல்கூடக் கொடுக்கவில்லை. இவையெல்லாம் அதற்கு முன்பே எனக்குக் கொடுத்தவை. நான் இப்போது கொடுப்பதோ இன்று காலை தைத்து முடித்த சட்டை. இதுவரை யாரும் உடுத்தியதில்லை. மூலையில் மஞ்சள்கூட இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்."

தொட்ட விரலில் மஞ்சள் ஒட்டியது. புதுத்துணி இல்லை என்று இனி எப்படிச் சொல்வது? கனகசபேசர் விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நீட்டியபடியே வைத்துக்கொண்டார்.

"பங்குகளைச் சொல்லும்" என்றார்.

தாண்டவன் சொன்னான். பதினெட்டுத் தெருவையும் சொன்னான். மந்திரி தன் பழைய அங்கவஸ்திரத்தைக் கண்டுபிடித்து, "அட, இது நம்முடையது" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். சேனாபதி தன் கொடியைக் கண்டு விறைப்பாக நின்றுகொண்டார். பதினொரு பேர் ஆயிற்று.

"சபையோர் பன்னிரண்டு பேர்" என்றார் கனகசபேசர். இந்த இடத்துக்காகத்தான் அவர் ஐந்து நாளாகக் காத்திருந்தார். "நான் எதுவும் தரவில்லை. என் பங்கு இதில் இல்லை. போதாததற்குப் பின்பக்கம் ஓர் ஓட்டை வேறு இருக்கிறது, மகாராஜா. ஓட்டைச் சட்டையை இளவரசருக்குக் கொண்டு வந்திருக்கிறார்."

"ஓட்டை இல்லை ஐயா. அது உங்கள் இடம்" என்றான் தாண்டவன். "மற்றவர் துண்டை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர் சூட்ட இன்னும் நேரம் இருக்கிறது. ஊசியில் நூலும் கோத்து வைத்திருக்கிறேன். இரண்டு விரல் அகலம் கொடுத்தால் போதும்."

மண்டபத்தில் எல்லாத் தலையும் கனகசபேசர் பக்கம் திரும்பியது. அவர் ராஜாவைப் பார்த்தார், ராஜா தொட்டிலைப் பார்த்தார். பேசியது அரசி. பதினாறு நாள் தூங்காத தாய்.

"நாடே என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் மனம் இல்லையா, கனகசபேசரே?"

அவருக்கு வேர்த்துவிட்டது. "அப்படி இல்லை தாயே. வீட்டில் பூஜை விளக்கு துடைக்கும் துணி ஒன்று பழையது..."

"ஆறு கசையடி" என்று தாண்டவன் மெதுவாக நினைவூட்டினான். "பழையது கூடாது என்பது தங்கள் உத்தரவு. கொடுப்பவர் யாராயிருந்தாலும் என்று தமுக்குக்காரன் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். புதியதாகத்தான் கொடுக்க முடியும்."

புதியது அவர் தோளில் இருந்தது. தாண்டவன் கத்தரியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். கனகசபேசர் அதை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு எட்டு மாதத் தறியின் ஒரு மூலையை வெட்டினார். சரக்கென்ற சத்தம் குழந்தையின் அழுகையையும் மீறிக் கேட்டது.

தாண்டவன் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து அதைத் தைத்தான். "குத்துமே என்று கவலைப்படாதீர்கள். சட்டை தரித்த பிறகும் உடம்பில் படாத இடம் பார்த்துத்தான் விட்டிருக்கிறேன்" என்றான் தலையை நிமிர்த்தாமல்.

அரசி ஜரிகையைக் கழற்றினாள். குழந்தையின் முதுகும் அக்குளும் கன்றிச் சிவந்திருந்ததைச் சபை முழுவதும் பார்த்தது. பார்த்தவர்களில் கனகசபேசரும் ஒருவர். அவர் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து, தாண்டவனுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அரசி ஒட்டுச் சட்டையைப் போட்டாள். குழந்தை ஒரு தரம் விம்மியது. கையை நெஞ்சில் வைத்து அந்த நீலத் துண்டைப் பிடித்துக்கொண்டது. கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது.

பதினாறு நாளுக்குப் பிறகு அரண்மனையில் சத்தம் நின்றது. மடைப்பள்ளியில் யாரோ தேங்காய் துருவுவது மண்டபம் வரைக்கும் கேட்டது.

ராஜா தொட்டில்மேல் குனிந்து குசுகுசுத்தார். "எல்லோரும் இருக்கிறார்கள். என் பங்கு எங்கே?"

"கழுத்துக்குக் கட்டியிருக்கும் நாடா, பிரபு. வேட்டைக்குப் போனபோது என் காலில் முள் ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? தங்கள் உத்தரீயத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டீர்கள். அன்றிலிருந்து அது என் சட்டையில் இருந்தது."

"எனக்கு மறந்தே போயிற்று" என்றார் ராஜா. கொஞ்ச நேரம் அந்த நாடாவையே பார்த்தார். பிறகு அவர் பார்வை கனகசபேசரின் மூலை போன பட்டுக்குப் போனது, அதிலிருந்து இன்னும் துடைக்காத மஞ்சள் விரலுக்குப் போனது. சிரிப்பு வந்துவிட்டது. அரசி உடனே, "சிரிக்கக்கூடாது, எழுந்துவிடுவான்" என்று உதட்டில் விரலை வைத்தாள். ராஜா உத்தரீயத்தை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மந்திரி சிரித்தார், சேனாபதி தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கடைசியில் கனகசபேசருக்கும் உதடு துடித்தது. சபையே சத்தமில்லாமல் குலுங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜா கேட்டார். "என்ன வேண்டும் தாண்டவா? பொன்னாடையா, ஊரா, என்ன கேட்டாலும் தருகிறேன்."

"ஊரைக் கேட்டால் காவல் காக்க வேண்டும், பிரபு. எனக்கு இப்போது சட்டை இல்லை. வாடைக்காற்று வேறு வரப்போகிறது. சபையில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தால் போதும். தைத்துக்கொள்வேன்."

ராஜா தான் உடுத்தியிருந்த அங்கியின் ஓரத்தைப் பிடித்து நீளமாகக் கிழித்தார். சபையோரும் ஆளுக்கொரு துண்டு கிழித்துக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் அவரும் எல்லா ராஜாக்களையும் போல ஒரு ராஜா. ஆனால் அவருக்குத்தான் ஆசை முளைத்துவிட்டதே. "ஊசியைக் கொடு. முதல் ஒட்டை நானே போடுகிறேன்" என்றார். போட்டார். விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டார். நூல் உருவிக்கொண்டு வந்தபோதெல்லாம் முடிச்சுப் போட்டார். தன் கையால் தைத்த முதல் தையலைத் தூக்கிப் பிடித்து, வெற்றி கண்டவர்போலச் சபைக்கெல்லாம் காட்டினார்.

அன்றே இன்னொரு உத்தரவும் பிறந்தது. அரண்மனையில் கழற்றிய துணி எதையும் இனி மதிலுக்கு வெளியே வீசக்கூடாது, எரிக்கவும் கூடாது. துவைத்து மெதுவாக்கி, நாட்டில் பிள்ளை பிறக்கும் வீட்டுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். அதற்கு அதிகாரி கனகசபேசர். குறை சொல்லக்கூடாது, மனிதர் அதையும் நேர்த்தியாகத்தான் செய்தார். எந்தத் துணி கன்னத்துக்கு, எந்தத் துணி முதுகுக்கு என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் அடுக்கி வைத்தாராம்.

தாண்டவன் வீட்டுக்குப் போனதும் உலகம்மை புதுச் சட்டையின் தொடக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"இதென்ன கண்றாவித் தையலு? எறும்பு சாராயம் குடிச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. குடுங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன்."

"தொடாதே. அது ராஜா தச்சது."

உலகம்மை அதை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள். "நாட்டையும் இப்படித்தான் ஆளுறாரா?"

"அதுக்கு மந்திரிங்க இருக்காங்க. இது அவரே போட்டது."

அவள் சிரித்துவிட்டு மடித்து வைத்தாள். அந்தச் சட்டையும் இருபது வருஷம் அவன் முதுகில் இருந்தது. எத்தனையோ ஒட்டுகள் நைந்து விழுந்தன, எத்தனையோ புதிதாக ஏறின. ராஜா போட்ட அந்தக் கோணல் தையல் மட்டும் கடைசிவரை பிரியவே இல்லை. அவர் அத்தனை முடிச்சுப் போட்டிருந்தார்.